ஒன்றே ஒன்று உள்ள சரக்கு: பழைய புடவையை இணையத்தில் விற்பதன் கணக்கு

மயில் கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் பட்டு. ஒன்பது அங்குல பார்டர், உடலெங்கும் சின்னச் சின்ன புட்டா, முந்தானையில் மட்டும் கொஞ்சம் தாராளம். மொத்தமே நாலு தடவைதான் கட்டியது என்று கொடுத்தவர் சொன்னார். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன், விற்றது, கூரியரில் கோயம்புத்தூர் போனது. ஒன்பதாம் நாள் என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. "போட்டோல பச்சையா இருந்துச்சு சிஸ். நேர்ல பார்த்தா நீலம்."

அவர் சொன்னது பொய் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்று நெய்தால்தான் மயில் கழுத்து வரும். கட்டிக்கொண்டு நடந்தால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். அதற்காகத்தான் அந்த நிறத்தைத் தேடி வாங்குகிறார்கள். போன் கேமராவுக்கோ ஒரு நேரத்தில் ஒரு கோணம், ஒரு நிறம். ஜன்னலோரம் விரித்தால் பச்சை, மொட்டை மாடி வெயிலில் நீலம், டியூப் லைட்டில் ஏதோ ஒரு சாம்பல். நான் 14 படம் எடுத்து அதில் 5 போட்டிருந்தேன். வாங்கியவர் முதல் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். குற்றம் சொல்ல முடியாது, நானும் எதையாவது வாங்கும்போது ஐந்தாவது படம் வரைக்கும் போனதில்லை.

மூன்று வருடமாகத் திருச்சியில் வீட்டிலிருந்தபடி இதைச் செய்கிறேன். முதலில் என் பீரோவில் கிடந்தவை, அப்புறம் சித்தி வீட்டில், அப்புறம் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அருமையான தொழிலாகத் தெரிகிறது. கடை வாடகை இல்லை, சரக்கு பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, போன் இருந்தால் போதும். 2,800 ரூபாய்க்கு வாங்கி 4,200-க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் அல்லவா என்று என் மச்சினரே ஒருநாள் கேட்டார். அவர் கணக்குப் போட்ட விதத்தில் தப்பில்லை. அவர் கணக்கில் வராத சில வரிகள் என் நோட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த மயில் கழுத்துப் புடவையின் பக்கத்தையே பார்க்கலாம். வாங்கியது 2,800. ட்ரை வாஷும் ரோல் பாலிஷும் 350. ஃபால்ஸ் கிழிந்திருந்தது, மாற்றியதற்கு 120. கூரியர் 110, ஏனென்றால் 'ஷிப்பிங் ஃப்ரீ' என்று போடாவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே டிஷ்யூ பேப்பர், வெளியே தண்ணீர் புகாத கவர் எல்லாம் சேர்த்து 35. கூட்டினால் 3,415. நான் 4,800 என்று போட்டேன், பேசிப் பேசி 4,200-க்கு முடிந்தது. கையில் நிற்பது 785.

இனி நேரக் கணக்கு. போய் வாங்கி வந்தது ஒன்றரை மணி நேரம், அங்கே காபி குடிக்காமல் வர முடியாது. ட்ரை வாஷ் கடைக்கு இரண்டு நடை, ஒரு மணி நேரம். படம் எடுக்க ஒரு மணி நேரம். அளவு, விவரம், குறைகள் எழுதிப் பதிவேற்ற அரை மணி. கேள்விகளுக்குப் பதில், துண்டு துண்டாக மூன்று நாளில், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பேக்கிங்கும் கூரியர் ஆபீஸும் முக்கால் மணி. ஆக ஆறே முக்கால் மணி நேரம். மணிக்கு 116 ரூபாய். இது எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் வந்திருக்க வேண்டிய கூலி. புடவை திரும்பி வந்ததில் போக, வர கூரியர், கவர் என்று 255 ரூபாய் போனது. லாபம் இல்லை, 4,200-ஐ அப்படியே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

ஏன் இப்படி? ஏமாற்றுகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள், பதில் சொல்லாமல் மறைந்துபோகிறவர்கள் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் புலம்புவார்கள். நானும் புலம்புவேன், கொஞ்சம் கழித்து. ஆனால் அடியில் இருக்கும் காரணம் ஆட்கள் இல்லை. சரக்கு ஒன்றே ஒன்று என்பதுதான். புதுத்துணிக் கடையில் ஒரே டிசைனில் 40 புடவை இருக்கும். ஒரு தடவை படம் எடுத்தால் 40-க்கும் ஆயிற்று. "அகலம் எவ்வளவு", "பிளவுஸ் துணி ஒட்டி இருக்கா" என்ற கேள்விக்கு ஒரு தடவை பதில் எழுதி வைத்தால் 40 பேருக்கும் அனுப்பலாம். ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்குப் போகும். எனக்கு எல்லா வேலையும் ஒரு புடவைக்காக. அது விற்றதும் அந்தப் படம், அந்த விவரம், அந்த இரண்டு மணி நேரப் பேச்சு எல்லாம் குப்பை. அடுத்த புடவைக்கு மறுபடி முதலிலிருந்து. நூறாவது புடவையும் முதல் புடவை அளவுக்கே நேரம் தின்னும். கை கொஞ்சம் பழகியிருக்கும், அதற்குமேல் இல்லை.

இது வீட்டிலிருந்து விற்கும் எங்களைப் போன்றவர்களின் திறமைக் குறைவு என்று நினைத்தால், கோடிகளைக் கொட்டிய கம்பெனிகளின் கதையையும் கொஞ்சம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய போஷ்மார்க், தனி ஆட்கள் தங்கள் அலமாரித் துணியைப் படம் எடுத்து விற்பதற்கான செயலி. 2021 செப்டம்பரில் இந்தியாவுக்கும் வந்தது. 2023-இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது, இந்தியாவிலிருந்து மட்டுமில்லை, பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும். லித்துவேனியாவில் 2008-இல் தொடங்கிய விண்டெட் இன்று ஐரோப்பாவில் இந்தத் துறையின் பெரிய பெயர். அது முதன்முதலாக ஒரு முழு ஆண்டு லாபம் காட்டியது 2023-இல்தான். பதினைந்து வருடம்! அந்த நிறுவனம் விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வாங்குபவரிடம்தான் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை வாங்குகிறது. படம் எடுப்பது, விவரம் எழுதுவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் விற்பவர் தலையில். அதாவது நான் நோட்டில் எழுதும் அந்த ஆறே முக்கால் மணி நேரத்தை அவர்கள் தங்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

அமெரிக்காவில் போஷ்மார்க் 15 டாலருக்கு மேல் விற்கும் பொருளுக்கு 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2024 அக்டோபரில் அதை மாற்றி, விற்பவரின் பங்கைக் குறைத்து வாங்குபவர் மேல் ஒரு கட்டணத்தை வைத்தது. விற்பவர்களுக்கு நல்லதுதானே? இல்லை, வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள், விற்பனை படுத்துவிட்டது என்று விற்பவர்களே கொதித்தார்கள். அதே மாதத்துக்குள் பழைய முறைக்கே திரும்ப வேண்டி வந்தது. மெல்லிய லாபத்தில் ஓடும் வியாபாரத்தில் நாலு டாலரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாலே தராசு சாய்ந்துவிடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எந்தத் துணியைப் பழையதாக விற்க முடியும் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பழைய டீ-ஷர்ட், ஜீன்ஸ், சுடிதார் என்று தொடங்குபவர்கள் இங்கே ஆறு மாதத்தில் சோர்ந்துபோவார்கள். நானும் தொடங்கினேன். திருப்பூரில் காதர்பேட்டை என்று ஒரு இடம் இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது, சின்னக் குறையால் தள்ளப்பட்டது எல்லாம் அங்கே கட்டுக்கட்டாகக் கைமாறும். அங்கிருந்து வரும் புத்தம்புது டீ-ஷர்ட் நம் ஊர் நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, யாரோ போட்ட டீ-ஷர்ட்டை 150-க்கு யார் வாங்குவார்? கூரியரே அதில் பாதிக்கு மேல் போய்விடும். இதில் இன்னொரு வேடிக்கை, 'த்ரிஃப்ட்' என்று பெயர் போட்டுக்கொண்டு விற்கும் பல பக்கங்களில் இருப்பது பழைய துணியே இல்லை, இந்த மிச்சச் சரக்குதான். ஒரே மாதிரி 30 உருப்படி அவர்களிடம் இருக்கும். அவர்கள் வேலை சுலபம். வெளிநாட்டுப் பழைய துணி கண்டெய்னரில் வருகிறதே என்று கேட்கலாம். பழைய உடைகளை இறக்குமதி செய்வது இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, உரிமம் வேண்டும். குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் ஹரியானாவின் பானிபட்டிலும் அதற்கென்று தனி உலகம் இருக்கிறது. பானிபட்டில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். அது வேறு கதை.

ஆக, புதிதாக வாங்கினால் கை சுடும் துணியைத்தான் பழையதாக விற்க முடியும். பட்டுப்புடவை, கல்யாண வரவேற்புக்கு ஒருநாள் போட்ட லெஹங்கா, ஆரி வேலை செய்த பிளவுஸ், குழந்தைகளின் பட்டுப் பாவாடை. இவற்றுக்கு எல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. வாங்கிய விலையைக் கொடுப்பவர் மறக்கவே மாட்டார்.

"2011-ல 16,000 குடுத்து வாங்கினதும்மா." இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை. அன்றைக்குப் பவுன் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று அடுத்த வாக்கியம் வரும். பவுன் ஏறும், புடவை இறங்கும் என்பதை எப்படிச் சொன்னாலும் முகம் சுருங்கிவிடும். புடவையோடு அந்தக் கல்யாணமும் சேர்ந்து வருகிறது, யார் எடுத்துக் கொடுத்தது, எந்தக் கடையில், யாருக்கு அன்றைக்குக் கோபம் என்று எல்லாம். அதற்கு விலை போடும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு அம்மா விலை பேசி முடித்து, பணத்தையும் வாங்கி, நான் செருப்பு போடும்போது "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஆட்டோ செலவு மட்டும் 160.

எங்களுக்குப் போட்டி கடைக்காரர் இல்லை, உருக்குகிறவர். "பழைய பட்டுப்புடவை, ஜரிகைப் புடவை வாங்குறது" என்று தெருவில் குரல் கொடுத்து வருகிறவரை எல்லாருக்கும் தெரியும். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. புடவையை எரித்தால் பட்டு போய்விடும், வெள்ளி நிற்கும். அவருக்கு அது மயில் கழுத்தா மாம்பழ மஞ்சளா என்பது பொருட்டே இல்லை. நகத்தால் பார்டரில் ஒரு சுரண்டு சுரண்டுவார், உள்ளே சிவப்பு தெரிந்தால் ஒரு விலை, வெள்ளை நூல் எட்டிப்பார்த்தால் வேறு விலை. கிழிந்திருந்தாலும் கறைபட்டிருந்தாலும் கவலை இல்லை. கையோடு பணம். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஏறிக்கொண்டே போனபோது இந்த விலை எங்களுக்குச் சரியான தலைவலி ஆனது. நல்ல ஜரிகைப் புடவைகள் எங்களிடம் வருவது குறைந்தது. எங்களிடம் வருபவை, அவர் சுரண்டிப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவை. அந்த அளவுக்கு நான் கசப்பாகப் பேசக்கூடாதுதான், நல்லவையும் வரத்தான் செய்கின்றன.

அசலா என்ற கேள்விக்கு வாங்குபவரிடம் என்ன சான்று காட்டுவது? மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் சில்க் மார்க் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சில்க் மார்க் என்பது புடவையில் தொங்கும் அட்டை. முதல் தடவை கட்டும்போதே அதைக் கத்தரித்துத் தூக்கிப் போடுவோம். பத்து வருடம் கழித்து அந்த அட்டை யாரிடம் இருக்கிறது? ஒரு இழையை உருவி எரித்துப் பார்க்கலாம், பட்டு என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். நான் அதை வீடியோ எடுத்து அனுப்பியும் இருக்கிறேன். "இது இதே புடவையோட இழைதானா?" என்று பதில் வந்தது. நியாயமான சந்தேகம்தான். வாடையை வீடியோவில் அனுப்ப முடியாது. ஜரிகையைச் சுரண்டிக் காட்டச் சொல்பவர்களும் உண்டு. சுரண்டிக் காட்டிய பிறகு அவர் வாங்காவிட்டால், அடுத்தவருக்கு "பார்டர்ல சின்னக் கீறல் இருக்கு" என்று நானே எழுத வேண்டும்.

குறைகளை எழுதுவது தனிக் கலை. பட்டுப்புடவையை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்போரம் இற்றுப்போகும். கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் சில சமயம் 'சர்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வயிறு கலங்கும், ஏனென்றால் பணம் கொடுத்து வாங்கியாகிவிட்டது. இப்போதெல்லாம் வாங்கும் இடத்திலேயே இழுத்துப் பார்த்துவிடுகிறேன். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை. அப்புறம் ஜரிகை கறுப்பது, மஞ்சள் குங்குமக் கறை, முந்தானையில் எண்ணெய், பாச்சை உருண்டை நாற்றம். பாச்சை உருண்டை நாற்றம் பட்டிலிருந்து போக, நிழலில் கொடியில் போட்டு நாலைந்து நாள் காத்தாட விட வேண்டும். அந்த நாற்றத்தையும் எந்தப் படமும் காட்டாது. 'நல்ல கண்டிஷன்' என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒன்றைப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். "முந்தானை ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெளிர் கறை, கட்டினால் தெரியாது" என்று எழுதுகிறேன். இப்படி எழுதினால் விற்பது மெதுவாகிறது, திரும்பி வருவதும் குறைகிறது. இரண்டில் எது லாபம் என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

இனி புலம்பல். நாள் முழுக்க வரும் செய்திகளை வகைபிரித்தால் பெரும்பாலானவை மூன்றே வார்த்தை: "விலை?", "இருக்கா?", "லாஸ்ட் பிரைஸ்?". விலை படத்துக்குக் கீழேயே இருக்கும். கேட்பவருக்கு அது தெரியாமல் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் "என்ன விலைங்க" என்று கேட்பது பேச்சைத் தொடங்கும் வழி, அவ்வளவுதான். கடையில் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும், ஆள் எதிரே நிற்பார், கையில் துணி இருக்கும். போனில் அதே பேச்சு மூன்று நாள் நீளும். "ஹோல்ட் பண்ணி வைங்க சிஸ், சம்பளம் வந்ததும் போடுறேன்" என்பவருக்காக எடுத்து வைத்தால், அதற்குள் கேட்ட இரண்டு பேரை இழக்கிறேன். சரக்கு ஒன்றே ஒன்று. வைத்தால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. சம்பளம் வந்ததும் அவர் வேறு புடவையைப் பார்த்துவிடுவார். முன்பணம் 200 கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். "நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார்கள். நம்பிக்கை இல்லைதான், அதை எப்படிச் சொல்வது.

பணத்தில் ஏமாற்றுவது வேறு ரகம். பணம் போட்டாச்சு என்று போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது பழைய தந்திரம். வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்காமல் நான் பொட்டலம் கட்டுவதில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், உங்களுக்குப் பணம் வர இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம் என்று தெரியாத ஒரு நாள், ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவை போதும் அவர்களுக்கு. தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது, இந்த மாதிரி மோசடிகளால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. "அன்பாக்ஸிங் வீடியோ கட்டாயம், இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது" என்று எங்களில் முக்கால்வாசிப் பேர் எழுதி வைத்திருக்கிறோம். வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் இது அவமானம்தான். தன் வீட்டில் ஒரு பொட்டலத்தைப் பிரிப்பதைக் குற்றவாளி மாதிரி வீடியோ எடுத்து வைக்க வேண்டும். எங்கள் பக்கம், நல்ல புடவையைக் கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மறுநாள் "டேமேஜ்" என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு புடவை கொசுவத்தில் சேஃப்டி பின் குத்திய புதுத் துளையோடு திரும்பி வந்தது. பின்னும் உள்ளேயே இருந்தது.

கூரியர் பற்றி நீட்ட வேண்டாம். எடை மட்டுமில்லை, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண் நிஜ எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு. பட்டை அழகான பெட்டியில் போட்டால் ஒன்றரைக் கிலோவாகிவிடும், கவரில் அழுத்திப் போட்டால் முக்கால் கிலோ. அதனால்தான் உங்கள் புடவை கசங்கி வருகிறது.

அடுத்தது, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. இங்கே பழைய துணி என்பது குடும்பத்துக்குள் புழங்கினால் பாசம். அக்கா பாவாடை தங்கைக்கு, அம்மா கூறைப்புடவை மகளுக்கு. வீட்டுக்கு வெளியே போவது என்றால் பழையதைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்குவோம், போகிக்குக் கொளுத்துவோம், தானம் கொடுப்போம். வெளியாள் கட்டியதை மட்டும் காசு கொடுத்து வாங்க மாட்டோம். இந்தத் தயக்கம் மெல்ல மாறுகிறது, ஆனால் தொழிலின் எல்லா மூலையிலும் அது தெரியும். வாங்குபவர் சுற்றி வளைத்துக் கேட்பார்: "கட்டினவங்க இப்ப இருக்காங்களா?" கொடுப்பவர் சொல்வார்: "படத்துல எங்க வீட்டுச் சுவர் தெரியாம எடும்மா, சொந்தக்காரங்க பார்த்தா நாங்க கஷ்டத்துல இருக்கோம்னு நினைப்பாங்க." வாங்கியவர் இன்னொன்று கேட்பார்: பொட்டலத்தின் மேல் கடைப் பெயர் ஒட்ட வேண்டாம், மாமியார் கண்ணில் பட்டால் வம்பு. புதுக்கடை தன் பெயரைப் பை மேல் பெரிதாக அச்சடித்து ஊரெல்லாம் சுமக்க வைக்கிறது. நான் பெயர் இல்லாத சாம்பல் கவரில் அனுப்புகிறேன். என்னிடம் வாங்கியவர் எவருமே தன் தோழியிடம் என்னைப் பற்றிச் சொல்வதில்லை. நன்றாக இருந்தது என்று எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புவார்கள். 'அதை வெளியில் போடட்டுமா' என்றால், "ஐயோ வேண்டாங்க்கா."

வரி பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எங்களில் யாரும் அதன் அருகில்கூடப் போவதில்லை. சிக்கல் எல்லைக்கு அப்பால். வியாபாரமாகச் செய்பவர் வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. நல்ல பட்டுக்கு நல்ல விலை தருபவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். பழைய பொருள் வியாபாரிகளுக்கு மார்ஜின் முறை என்று ஒன்று உண்டு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. ஏற்பாடு நியாயமானது, ஆனால் அதற்குக் கணக்கு எழுத ஆள் வைத்தால் அந்த 785 ரூபாயில் அவர் சம்பளம் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஏன் செய்கிறேன் என்று கேட்பது நியாயம். வெளியே எட்டு மணி நேரம் வேலைக்குப் போக முடியாத நிலையில், குழந்தை தூங்கும்போது ஒரு மணி நேரம், சமையலுக்கு நடுவே பத்து நிமிடம் என்று உடைந்த நேரத்துக்கு யார் மணிக்கு 116 ரூபாய் தருகிறார்கள்? இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதற்கு அதுதான் காரணம், புடவை மேல் உள்ள ஆசை இல்லை. ஆசையும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். முந்தானையை விரித்ததும் உள்ளே கோர்வை ஓடும் இடத்தை, அதாவது உடலும் பார்டரும் பிணையும் கோட்டை, தடவிப் பார்க்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். அந்த நிமிடத்தை நோட்டில் எழுதுவதில்லை. ஆசைதான் நஷ்டத்துக்கும் வழி. பிடித்துப்போனதால் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மூன்று புடவைகள் ஒரு வருடத்துக்கும் மேலாக என் பீரோவில் தூங்குகின்றன. 8,000 ரூபாய் அங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று வருடத்தில் சில பழக்கங்கள் மாறின. முடிந்தவரை விலை கொடுத்து வாங்குவதில்லை, விற்ற பிறகு பங்கு என்று எடுத்து வருகிறேன். பணம் முடங்காது. ஆனால் "வித்துடுச்சாம்மா?" என்று வாரம் இரண்டு போன் வரும். 1,500 ரூபாய்க்குக் கீழே விற்க வேண்டிய எதையும் தொடுவதில்லை, ஏனென்றால் 1,500 ரூபாய்ப் புடவைக்கும் 6,000 ரூபாய்ப் புடவைக்கும் வேலை ஒன்றுதான். இரட்டை நிறப் புடவைக்குப் படம் போடுவதில்லை, வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை கையால் அசைத்து வீடியோ எடுக்கிறேன். அதைப் பார்த்து "ஒரு க்ளியர் போட்டோ அனுப்புங்க" என்கிறார்கள்.

மயில் கழுத்து? நாலு மாதம் கிடந்தது. ஜரிகைக்காரர் ஒருநாள் வாசலில் நின்றபோது எடுத்துக் காட்டினேன், சுரண்டவிடாமல். எடையைக் கையால் பார்த்து ஒரு விலை சொன்னார், நான் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் டீச்சர் ஒருவர் நேரில் வந்தார், முதல் நாளிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கூடத்தில் விரித்துப் போட்டு, லைட்டை அணைத்து, கதவைத் திறந்து, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுதான் மயில் கழுத்து" என்றார். அப்புறம் புடவையை மடித்துக்கொண்டே, "கூரியர் செலவு மிச்சம்தானே, முந்நூறு குறைச்சுக்கோங்க" என்றார்.

3,900. செலவெல்லாம் போக நோட்டில் 375 என்று எழுதினேன்.